கூண்டில் அடங்கும் பை

சக்கரம் வைத்த பையை இழுத்துக்கொண்டு போகிறவர்களில் பாதிப் பேருக்கு அதை இழுக்கத் தெரியாது. கைப்பிடியை முழுக்க வெளியே எடுக்க மாட்டார்கள். குனிந்தபடி, வர மறுக்கிற ஆட்டுக்குட்டியைத் தரதரவென்று இழுப்பதுபோல இழுப்பார்கள். சக்கரம் ஒரு பக்கமாகத் தேய்ந்துபோகும். பிறகு என் கடைக்கு வந்து, "போன மாசம்தாங்க வாங்கினேன், சுத்த மட்டமான பை" என்பார்கள். பையின்மேல் பழி போடுவது சுலபம். அது திருப்பிப் பேசாது.

உங்கள் கைப்பையையும் வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன் ஐயா. ஜிப்பை மூடினாலும் நடுவில் வாய் பிளக்கிறது. பல்லெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, பல்லைப் பிடித்து ஓடுகிற ரன்னர்தான் தளர்ந்துவிட்டது. இந்த ஸ்டேஷனுக்குள் வரும்போது என் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்தீர்களே, அந்தச் சின்னக் குறடைக் கொடுங்கள். பேசிக்கொண்டே சரிசெய்து தந்துவிடுகிறேன். கை சும்மா இருந்தால் எனக்குப் பேச்சு ஓடாது.

அவசரம் என்கிறீர்கள். புரிகிறது. கடல் தாண்டி ஒரு நாட்டில், ஒரு சின்னப் பெண்ணின் பையடியில் போதைப் பொட்டலம் கிடைத்தது. அவள்தான் கடத்தினாள் என்கிறது அந்த நாட்டு அரசு. இன்று தீர்ப்பு. நம் கடிகாரத்தில் நான்கு மணிக்கு நீதிபதி வந்து உட்காருவார். அதற்குள் என் கையெழுத்தோடு வாக்குமூலம் அங்கே போய்ச் சேர்ந்தால் தீர்ப்பு நிற்கும். சேராவிட்டால் தூக்கு. அந்த நாட்டில் அதற்கு வேறு தண்டனையே கிடையாது. நீங்கள் எல்லாவற்றையும் முதலிலேயே தெளிவாகச் சொன்னீர்கள். நானும் தெளிவாகத்தான் சொன்னேன். என் போக்கில் சொல்லவிட்டால் முழுவதும் சொல்வேன், கையெழுத்தும் போடுவேன். நடுவில் வெட்டினால் வாயை மூடிக்கொள்வேன். என் வாயைத் தவிர உங்களிடம் வேறு சாட்சி இல்லை. கடிகாரம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, எனக்குத்தான் தெரிகிறது. நேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் கவலைப்படாதீர்கள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே, மஞ்சள் கழுத்துத்துணியைக்கூட அவிழ்க்காமல், அவள்தான் அந்தச் சின்னப் பெண்ணின் அக்கா. விமானக் கம்பெனியில், விமானம் ஏறும் வாசலைப் பார்த்துக்கொள்கிறவள். அவளுக்கும் எனக்கும் நடுவில் இருந்த பழைய விவகாரம் ஒரே ஒரு பைதான் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பையில் அப்படி என்னதான் இருந்தது என்று வந்ததும் வராததுமாகக் கேட்டீர்கள். அதற்கு வருகிறேன். எல்லாம் அதனதன் வரிசையில் வரட்டும்.

விமான நிலையத்துக்குப் பின்பக்கச் சாலையில், டயர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருக்கிறது என் கடை. ஜிப் மாற்றுவேன், சக்கரம் மாற்றுவேன், பூட்டு எண் மறந்தவர்களுக்குப் பூட்டைத் திறந்து கொடுப்பேன். புதுப்பையும் தைத்து விற்பேன். என் பெயர் அந்தச் சாலையில் யாருக்கும் தெரியாது. ஜிப்பண்ணன் என்றால்தான் தெரியும். கல்யாணம் ஆகவில்லை. இருந்த ஒரே உறவு என் அக்கா. அவள் வேறு ஊரில் இருந்தாள்.

தொழில் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த மஞ்சள் கம்பெனி வரும்வரை. பஸ் கட்டணத்தில் பறக்கலாம் என்று ஊரெல்லாம் பலகை வைத்தான். சனம் விழுந்தடித்துக்கொண்டு ஓடியது. விமானம் ஏறும் வாசலில் இரும்புக் கம்பியால் ஒரு கூண்டு செய்து மஞ்சள் வண்ணம் அடித்து வைத்தான். கையில் கொண்டுபோகும் பை அந்தக் கூண்டுக்குள் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கூடுதல் கட்டணம். அது பல நேரங்களில் டிக்கெட்டைவிட அதிகமாக இருக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது பழமொழி என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதை ஒருவன் வியாபாரத் திட்டமாகவே போட்டுவிட்டான்.

நான் அதற்கும் அசரவில்லை. கூண்டின் அளவைக் கேட்டு வாங்கி, அதற்குள் அடங்குகிற மாதிரி ஒரு பை வடிவமைத்தேன். கடைப் பலகையில் பெரிதாக எழுதிவைத்தேன்: 'எங்கள் பை கூண்டில் அடங்கும். அடங்காவிட்டால் பணம் வாபஸ்.' நல்ல விற்பனை. சாலையில் போகிறவர்கள் நின்று படித்துவிட்டுச் சிரிப்பார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்க வேண்டியதில்லை.

ஒருநாள் ஒருவர் பையோடு திரும்பி வந்தார். வாசலில் பணம் பிடுங்கிவிட்டார்கள், பை அடங்கவில்லை என்றார். நான் அளந்து காட்டினேன். சரியாக இருந்தது. "சக்கரத்தையும் சேர்த்து அளங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தொழிலில் சக்கரத்தை யாரும் அளப்பதில்லை ஐயா. பையின் உடம்பைத்தான் அளப்போம். மொத்தக் கடையில், சந்தையில், தைக்கிற இடத்தில் எல்லாம் உடம்பளவுதான் பேச்சு. ஒருவன் எவ்வளவு உயரம் என்று கேட்டால் செருப்போடு சேர்த்தா சொல்வார்கள்? அதை அவருக்குச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. கெட்ட வார்த்தை பேசினார். நானும் பேசினேன். பணம் வாபஸ் தரவில்லை. தவறு கூண்டில் இருக்கும்போது நான் எதற்குத் தர வேண்டும்?

ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரு உறுத்தல். என்றைக்காவது நானே போய் அந்தக் கூண்டில் என் பையை இறக்கிக் காட்ட வேண்டும் என்று இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு முடியாமல் போனது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா போன் போட்டு அவள் காதில் வைத்தார். குரல் கிணற்றடியிலிருந்து வந்த மாதிரி இருந்தது. அப்போதும் கிண்டல் போகவில்லை.

"டேய், வரப்போறியா இல்ல ஜிப்பு மாட்டிக்கிச்சுன்னு சாக்கு சொல்லப்போறியா?"

"வர்றேன்க்கா. என்ன வாங்கிட்டு வரட்டும்?"

"ஒண்ணும் வேணாம். வெறுங்கைய வீசிட்டு வா. மூஞ்சிய மட்டும் காட்டு, போதும்."

டாக்டர் இன்று நாளை என்று சொல்லிவிட்டார் என்று பக்கத்து வீட்டு அம்மா போனை வாங்கிச் சொன்னார். பஸ்ஸில் போனால் ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். அதனால் மறுநாள் காலை விமானத்துக்கு ஜெராக்ஸ் கடைக்காரியிடம் டிக்கெட் போடச் சொன்னேன்.

அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். திரையில் முதலில் வந்த தொகையைப் பார்த்து, பரவாயில்லையே என்றேன். அவள் அடுத்த பக்கம் போனாள். உட்காருவதற்கு இருக்கை வேண்டுமா என்று கேட்டது, அதற்குக் கட்டணம். நின்றுகொண்டு போனால் கட்டணம் இல்லையா என்று கேட்டேன். "சும்மா இருங்கண்ணே" என்றாள். அடுத்த பக்கம், வரிசையில் முன்னால் நிற்க வேண்டுமா, கட்டணம். தண்ணீர் வேண்டுமா, கட்டணம். பயணச்சீட்டை அங்கே அச்சடித்தால் தனிக் கட்டணம், இங்கேயே அச்சடியுங்கள். எல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று தட்டிக்கொண்டே வந்தாள். கடைசியில் பணம் கட்டப் போனால், பணம் கட்டுவதற்கு ஒரு கட்டணம் போட்டிருந்தான். வசதிக் கட்டணம் என்று அதற்குப் பெயர். யாருடைய வசதிக்கு? என் அக்கா மூச்சுவிடத் திணறிக்கொண்டிருக்கிறாள், இவன் என் சட்டைப்பைக்குள் ஒவ்வொரு விரலாக விட்டுப் பார்க்கிறான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று நினைப்பவனை என்ன செய்வது? திரையை உடைக்கவா முடியும்? அது ஜெராக்ஸ் கடைக்காரியுடையது.

தண்ணீர் கொஞ்சம் கிடைக்குமா? நன்றி. கட்டணம் இல்லையே? சும்மா கேட்டேன்.

ரன்னரின் இரண்டு உதட்டையும் ஒரே அளவில் அழுத்த வேண்டும் ஐயா. ஒரு பக்கம் கூடினால் துணியைக் கடித்துவிடும். பொறுமை வேண்டிய வேலை. தட்டச்சு செய்கிற அம்மா என்னையே பார்க்கிறார். நீங்கள் அடியுங்கள் அம்மா, நான் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் அடியுங்கள்.

மறுநாள் காலை விமானம் ஏறும் வாசலுக்குப் போனேன். நீள வரிசை. முன்னால் இவள் நின்றாள், கழுத்தில் மஞ்சள் துணி, தலையில் கொண்டை. அவளுக்குப் பின்னால் கோட்டுப் போட்ட ஒருவன், கையில் கரகரக்கும் கருவி. என் முறை வந்தது. கையில் நான் தைத்த பை. கூண்டில் இறக்கினேன். உடம்பு அழகாக உள்ளே போனது, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. சக்கரம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு விரல் கனம்கூட இருக்காது.

"அண்ணா, சக்கரத்தோட சேர்த்துதான் அளவு. கூடுதல் கட்டணம் கட்டிட்டுப் போயிடுங்கண்ணா" என்றாள்.

"சக்கரத்தை யாரும்மா அளப்பாங்க? உடம்பைப் பாரு. உடம்பு உள்ள போயிடுச்சுல்ல?"

"நான் என்னண்ணா பண்றது, கூண்டுதான் அளவு."

அப்போது வரிசையில் பின்னாலிருந்து ஒரு குரல். முகம் ஞாபகமில்லை, என்றைக்கோ என் கடைக்கு வந்தவனாக இருக்க வேண்டும். "என்ன ஜிப்பண்ணே, உங்க பையே உங்க பேச்சைக் கேக்கலையா?" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒரு குழந்தைகூடச் சிரித்தது.

பணம் என்னிடம் இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் பொய் சொல்கிறவன் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று எடுத்து வைத்திருந்தேன், உள்பாக்கெட்டில் இருந்தது. ஆனால் நான் அதைக் கட்டினால் கூண்டு சரி, நான் தப்பு என்று ஆகிவிடும். இத்தனை வருடம் தொழில் செய்தவன், ஒரு கம்பிக் கூண்டின் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டுமா? நான் சத்தம் போடவில்லை. கொஞ்சம் உரக்க விளக்கினேன். மொத்தக் கடையில் எப்படி அளப்பார்கள், சந்தையில் எப்படி அளப்பார்கள் என்று சொன்னேன். அவள் மற்றவர்களை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பிக்கொண்டே கேட்டாள். வரிசை தீர்ந்தது. நானும் பையும் மட்டும் நின்றோம்.

"எங்கண்ணா போறீங்க, ஏதாவது விசேஷமா?" என்று கேட்டாள்.

"எங்கக்கா சாகக் கிடக்கிறா" என்றேன்.

அவள் முகம் மாறியது. கோட்டுக்காரனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கிட்ட வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அண்ணா, என் கார்டுல நான் போட்டுடறேன். நீங்க ஓடுங்க. அப்புறமா கொடுங்க, கொடுக்காட்டியும் பரவால்ல. ஓடுங்கண்ணா."

நீங்கள் நிமிர்ந்து பார்க்கிறீர்கள். ஏதோ பெரிய தர்மம் என்று நினைக்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். கம்பெனி பிடுங்கும், அதே கம்பெனியின் ஆள் பிச்சை போடுவாள். அடித்துவிட்டு மருந்து போடுகிற கதை. எனக்குப் பிச்சை வேண்டாம், நியாயம் வேண்டும் என்று சொன்னேன். "உங்க கூண்டு தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லு, நானே பணத்தைக் கட்டிட்டுப் போறேன்" என்றேன். ஒரே ஒரு வார்த்தை.

"அது எப்படிண்ணா நான் சொல்ல முடியும்" என்றாள். கண் கலங்கியிருந்தது. "தயவுசெஞ்சு போங்கண்ணா."

"சொல்லு, போறேன்."

கோட்டுக்காரன் வந்து கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினான். "கேட் மூடியாச்சு சார். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றான். நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். விமானம் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது. படிக்கட்டைக்கூட எடுக்கவில்லை.

பஸ் பிடித்துப் போனேன். மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது அக்காவின் கட்டிலில் வேறொருத்தி படுத்திருந்தாள். விரிப்புகூட மாற்றியிருந்தார்கள். நேற்று சாயந்தரம் வரைக்கும் கண்ணைத் திறந்து திறந்து வாசலைப் பார்த்தாள் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். "விமானத்துல வந்திருந்தா நேத்தே பாத்திருக்கலாமேப்பா" என்றும் சொன்னார். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுகிறோம் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது.

திரும்பி வந்து கம்பெனிக்குப் புகார் அனுப்பினேன். உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது என்று உடனே பதில் வந்தது. மனிதர்கள் யாரும் அதை எழுதவில்லை. போன் செய்தால், இந்த அழைப்புக்கு நிமிடத்துக்கு இவ்வளவு கட்டணம் என்று ஒரு பெண்குரல் கொஞ்சியது. போகாத பயணத்தின் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரத்துக் கட்டணம் கழித்தது போக நான்தான் அவர்களுக்குத் தர வேண்டியிருக்கும் போல இருந்தது. ராத்திரி பகல் என்று எனக்கு அதே நினைப்பு. சோறு இறங்கவில்லை. எவனைப் பிடித்து உலுக்குவது? கம்பெனிக்குச் சட்டை இருக்கிறதா, காலரைப் பிடிக்க? கடைப் பலகையில் எழுதியிருந்ததை மட்டும் நான் அழிக்கவில்லை.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் அவள் என் கடைக்கு வந்தாள். இதே உடை. கையில் ஒரு பெரிய பை, அடியில் ஒரு சக்கரம் உடைந்து தொங்கியது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"அண்ணா, நீங்களா? உங்க கடையா இது? அக்கா எப்படி இருக்காங்க? அப்புறம் போய்ப் பாத்தீங்களா?"

"நல்லா இருக்காங்கம்மா" என்றேன்.

"அப்பாடா. அன்னிக்கு வீட்டுக்குப் போயும் எனக்கு மனசே சரியில்லண்ணா. எங்கம்மாகிட்ட சொல்லி அழுதேன்."

பை அவளுடையது இல்லை, தங்கையுடையது. தங்கைக்கு வெளிநாட்டில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. "பொறந்ததுல இருந்து என்னை விட்டு ஒரு நாள் இருந்ததில்லண்ணா. ஏர்போர்ட்ல அழுது ஊரைக் கூட்டப்போறா" என்று சிரித்தாள். நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

அந்தப் பொட்டலம் எங்கிருந்து வந்தது என்றுதானே உங்களுக்குத் தெரிய வேண்டும். ரொம்ப நாளைக்கு முன்னால் ஓர் ஆள் சக்கரம் மாற்றப் பை கொடுத்துவிட்டுப் போனான், திரும்பி வரவே இல்லை. பையின் அடித் தகட்டைக் கழற்றியபோது உள்ளே அது இருந்தது. என்னவென்று பார்த்ததும் புரிந்தது. நான் அதை விற்கவில்லை, யாருக்கும் கொடுக்கவில்லை. திரும்ப வாங்காத பொருள் கடைக்குச் சேரும் என்பது வழக்கம். நூல்கண்டுப் பெட்டியின் அடியில் போட்டு வைத்திருந்தேன். அதற்கு ஒரு வேலை வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சக்கரத்தை முதலில் மாற்றினேன். நல்ல சக்கரம், உள்ளதிலேயே உயர்ந்தது. பிறகு அடித் தகட்டைத் திறந்து, பொட்டலத்தைத் தட்டையாக்கி வைத்து, மேலே உள்துணியைப் பழைய துளைகளின் வழியாகவே தைத்தேன். புதுத் துளை ஒன்றுகூடப் போடவில்லை. மெழுகு தேய்த்த நூல். தைத்து முடித்ததும் நானே தடவிப் பார்த்தேன், எனக்கே இடம் தெரியவில்லை.

ஏன் கோட்டுக்காரனுக்குச் செய்யவில்லை, இவளுக்கு ஏன் என்று கேட்பீர்கள். அவன் என் கடைக்கு வரவில்லை ஐயா. வந்தவளுக்குத்தானே செய்ய முடியும். அவளுக்கும் நான் ஒன்றும் செய்யவில்லை, சரியாகப் பாருங்கள். அவள் உடம்பில் ஒரு கீறல் உண்டா? நான் என் அக்கா முகத்தைப் பார்க்காமல் போனேன். இவள் தன் தங்கை முகத்தைப் பார்க்காமல் இருக்கட்டும். அளவுக்கு அளவு. ஒரு விரல் கனம்கூட அதிகமில்லை. தூக்கு வரைக்கும் போகும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியும். அந்த நாட்டு விமானத்திலிருந்து இறங்குகிறவர்களின் பைகளில், போதைப் பொருளுக்குத் தூக்கு என்று எச்சரிக்கைச் சீட்டு ஒட்டியிருக்கும், நான் பார்க்காத பையா?

மறுநாள் வந்தாள். தரையில் உருட்டிப் பார்த்தாள். "அப்படியே வழுக்கிட்டுப் போகுதுண்ணா. எவ்வளவு ஆச்சு?" என்றாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். அவள் விடவில்லை, பணப்பையைத் திறந்தாள். "அன்னிக்கு நீ எனக்காகக் கட்டறேன்னு சொன்னேல்ல, அதுக்குச் சரியாப் போச்சு" என்றேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் ஒரு காசு வாங்கவில்லை. மறைமுகமாகவும் வாங்கவில்லை. இதை அழுத்தமாக அடியுங்கள் அம்மா.

மற்றது உங்களுக்கே தெரியும். நீங்கள் சாலையில் உள்ள பைக்கடைகளில் எல்லாம் ஏறி இறங்கிக்கொண்டு வந்தீர்கள். பிரித்த பையின் படத்தைக் காட்டி, "எவனோ அரைகுறையாத் தைச்சிருக்கான்" என்றீர்கள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். "அரைகுறையா? பழைய துளையிலேயே நூல் போயிருக்கு பாருங்க" என்று சொல்லிவிட்டேன். பிடித்துக்கொண்டீர்கள். கெட்டிக்காரர்தான் நீங்கள்.

அவ்வளவுதான். அந்தப் பொட்டலத்தை வைத்துத் தைத்தவன் நான். அந்தச் சின்னப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது. அதோ பெஞ்சில் இருப்பவளுக்கும் தெரியாது. அடித்த தாளைக் கொடுங்கள்.

பேனாவை நீட்டாதீர்கள், படித்துவிட்டுத்தான் போடுவேன். அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு ஏமாந்த கூட்டத்தில் நானும் ஒருவன். இனி ஏமாற மாட்டேன். எனக்கு வெள்ளெழுத்து, மெதுவாகத்தான் வரும்.

இதோ இந்த இடம். 'அளவு மீறிய பையோடு வந்து தகராறு செய்தேன்' என்று இருக்கிறது. நான் அப்படிச் சொல்லவில்லை. என் பை அளவு மீறவில்லை. 'கூண்டின் அளவு தவறாக இருந்தது' என்று மாற்றுங்கள். ஒரு வரிதானே, அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்கிறீர்கள். முடியாது ஐயா. ஒரு வரிக்காகத்தான் இத்தனையும். மாற்றி, புதிதாக அச்சடித்துக் கொடுங்கள், போடுகிறேன். மேசையைத் தட்டாதீர்கள். வெளியே அவள் எழுந்து நிற்கிறாள், பாருங்கள், கதவில் கையை வைத்துக்கொண்டு.

அச்சு இயந்திரத்தில் தாள் சிக்கிக்கொண்டதா? இழுக்காதீர்கள் அம்மா, கிழியும். பின்பக்கமாகத் திறந்து எடுங்கள்.

இப்போது சரி. 'கூண்டின் அளவு தவறாக இருந்தது.' பார்ப்பதற்கே நிறைவாக இருக்கிறது. இதோ கையெழுத்து. எல்லாப் பக்கத்திலும் போட்டுவிட்டேன்.

உங்கள் போன் அடிக்கிறது. எடுங்கள்.

நீதிபதி உட்கார்ந்துவிட்டாரா? தீர்ப்பை வாசித்தும் விட்டாரா? நான்கு மணி ஆகிப் பத்து நிமிடம் இருக்கும். கடிகாரம் உங்களுக்குப் பின்னால் இருக்கிறது, எனக்குத்தான் தெரிந்துகொண்டிருந்தது. மேல்முறையீடு இருக்கும் அல்லவா? அதற்கும் ஏதாவது தனிக் கட்டணம் வைத்திருப்பார்கள். என்னை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் கையெழுத்துப் போட மறுத்தேனா? தப்பான வரியைத் திருத்தச் சொன்னேன். எந்த மனிதனும் கேட்பதுதான். விதி எல்லோருக்கும் ஒன்றுதானே.

அவளை யாராவது பிடித்துக்கொள்ளுங்கள், கண்ணாடியில் தலை இடிக்கப்போகிறது.

உங்கள் பை ரெடி. இழுத்துப் பாருங்கள், எங்கேயும் வாய் பிளக்காது. கூலி வேண்டாம்.

என் பையில் என்ன இருந்தது என்று கேட்டீர்களே. ஒன்றும் இல்லை ஐயா. காலிப் பை. வெறுங்கையை வீசிக்கொண்டு வா என்றுதானே அக்கா சொல்லியிருந்தாள். கூண்டில் அடங்குகிறதா என்று பார்க்கத்தான் அதைக் கொண்டுபோனேன்.